பொத்தானில் ஒரு சமாரியர்

அங்கதம் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அதனைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகையாகப் பகுத்துள்ளார். பழிப்பை வெளிப்படையாக உரைப்பது முன்னது. பழிப்பு இருக்கும் இடமே தெரியாதவாறு அதனைச் சொல்லுக்குள் மறைத்து வைப்பது பின்னது. ஆங்கிலப் புனைகதை ஆசிரியர்களைப் படிக்கும்போதெல்லாம் நாம் இந்தப் பழைய அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்வது வழக்கம். சார்லஸ் டிக்கன்ஸ் பெரும்பாலும் முதல் வகையினர். ஜானதன் ஸ்விஃப்ட் இரண்டாம் வகைக்குத் தலைவர். இவ்விருவரைப் பற்றியும், டிக்கன்ஸையே எள்ளி நகையாடிய மூன்றாமவர் ஒருவரைப் பற்றியும் இங்கே சிறிது சிந்திக்க விழைகிறோம்.

ஏளனம் கிறிஸ்தவருக்குத் தகுமா என்று ஐயுறுவோர் நம்மிடையே உண்டு. அது பிறரன்புக்கு மாறானது என்பது அவர்கள் கருத்து. ஆனால், கார்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினரைப் பார்த்து எலியா பேசியது ஏளனமன்றி வேறென்ன? நாத்தானோ இன்னும் நுட்பமானவர். ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துக்கொண்ட செல்வனின் கதையை அவர் தாவீதிடம் சொன்னார். அரசரின் சினம் முழுவதும் வெளியே கொட்டிய பிறகே அந்தச் செல்வன் யார் என்பதைச் சுட்டினார். பழிகரப்பு அங்கதத்தின் இலக்கணம் முழுவதும் அந்தச் சிறு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. கேட்பவர் முதலில் நீதிபதியின் இருக்கையில் அமர்த்தப்படுகிறார். தீர்ப்பு வாயிலிருந்து வந்த பின்னரே அது யாருக்கான தீர்ப்பு என்பது அவருக்குப் புலப்படுகிறது.

குருவானவர் ஒருவர் நகைச்சுவை எழுதுவதும் நமக்கு வியப்பூட்டக்கூடியதன்று. பரமார்த்த குருவையும் அவருடைய சீடர்களையும் நமக்குத் தந்தவர் வீரமாமுனிவர். அவர் தமிழகத்தில் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் புனித பேட்ரிக் பேராலயத்துத் தலைமைக் குருவாக ஸ்விஃப்ட் அமர்ந்திருந்தார்.

அந்த இருக்கை எத்தகையது என்பதை அறியாமல் ஸ்விஃப்டைப் புரிந்துகொள்ள இயலாது. அயர்லாந்து மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆட்சியும் நிலமும் சட்டமும் சிறுபான்மையினரான ஆங்கிலிக்கன் சபையார் கையில் இருந்தன. கத்தோலிக்கர் நிலம் வாங்க இயலாது. பாராளுமன்றத்தில் அமர இயலாது. 1728இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. இருந்தும், தங்கள் விளைச்சலில் பத்திலொரு பங்கை, தாங்கள் கால் வைக்காத ஆலயங்களின் குருக்களுக்கு அவர்கள் செலுத்தியாக வேண்டும். ஸ்விஃப்டின் சபை அந்த வருவாயில் வாழ்ந்தது. அவரோ கத்தோலிக்கருக்கு நண்பரும் அல்லர்; அவர்களைக் கட்டியிருந்த சட்டங்களைத் தளர்த்த வேண்டும் என்று அவர் ஒருநாளும் வாதாடியதில்லை. இதை மறைத்து அவரை நம்மவராகக் காட்டுவது நேர்மையாகாது. ஆனால், அந்த இருக்கையிலிருந்து இறங்கி டப்ளின் தெருக்களில் நடந்தபோது அவர் கண்டவை அவரை உறங்க விடவில்லை.

முதலில் அவர் நேராகத்தான் பேசிப் பார்த்தார். 1720இல், அயர்லாந்தில் நெய்த துணியையே அயர்லாந்தார் உடுத்த வேண்டும் என்று ஒரு சிறு நூல் எழுதினார். அரசு அதை அச்சிட்டவரைப் பிடித்து வழக்குத் தொடுத்தது. குற்றவாளி அல்லர் என்று சொன்ன நடுவர் குழுவை, தலைமை நீதிபதி ஒன்பது முறை திருப்பி அனுப்பினார். பின்னர், வில்லியம் வுட் என்ற ஆங்கிலேயருக்கு அயர்லாந்துக்கான செப்புக் காசுகளை அடிக்கும் உரிமை வழங்கப்பட்டபோது, ஸ்விஃப்ட் ஒரு துணிக்கடைக்காரரின் வேடம் பூண்டு 1724இல் மடல்கள் எழுதினார். நான்காம் மடலை எழுதியவரைக் காட்டிக்கொடுப்போருக்கு 300 பவுன் பரிசு என்று அரசு அறிவித்தது. எழுதியவர் யார் என்பது நகரம் அறிந்த கமுக்கம். ஆயினும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாமுவேல் முதல் நூலின் 14ஆம் அதிகாரத்தில், சவுலின் கையிலிருந்து யோனத்தானை மக்கள் மீட்ட வசனம் டப்ளினில் கைக்குக் கை பரவியதாம். ஜானதன் என்ற பெயரே யோனத்தான்தானே! 1725இல் வுட்டின் உரிமை திரும்பப் பெறப்பட்டது.

இந்த வெற்றியால் பசி தீரவில்லை. அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்தது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் தெருவில் இரந்து நின்றார்கள். 1729இல் 'ஒரு பணிவான முன்மொழிவு' என்னும் சிறு நூல், எழுதியவர் பெயரின்றி வெளிவந்தது.

அதில் பேசுபவர் மிக நல்லவர். நாட்டுப் பற்றுடையவர், ஏழைத் தாய்மாரைக் கண்டு இரங்குபவர், புள்ளிவிவரம் தெரிந்தவர். நாட்டின் மக்கள்தொகை 15 இலட்சம் என்று தொடங்கிக் கூட்டியும் கழித்தும் கணக்கிடுகிறார். வளர்க்க வழியில்லாத பெற்றோருக்கு ஆண்டுதோறும் 1,20,000 குழந்தைகள் பிறக்கின்றன என்று முடிவுகட்டுகிறார். பிறகு, குரலைச் சிறிதும் உயர்த்தாமல், தம் தீர்வை முன்வைக்கிறார். 20,000 குழந்தைகளை இனப்பெருக்கத்துக்கென நிறுத்தி, மீதமுள்ள 1,00,000 குழந்தைகளை ஒரு வயது நிறைந்தவுடன் செல்வர்களின் உணவு மேசைக்கு விற்றுவிடலாம்! வளர்ப்புச் செலவு ஏறக்குறைய 2 ஷில்லிங், விலை 10 ஷில்லிங், தாய்க்கு இலாபம் 8 ஷில்லிங். தோலைப் பதப்படுத்திப் பெண்களுக்குக் கையுறை செய்யலாம். பெற்றோரை ஏற்கெனவே விழுங்கிவிட்ட நிலக்கிழார்களுக்குப் பிள்ளைகளின்மேலும் முதல் உரிமை உண்டு என்று போகிற போக்கில் சொல்கிறார். இதனால் விளையும் நன்மைகளை எண்ணி வரிசைப்படுத்துகிறார். அவ்வரிசையில் முதலாவது, நாட்டில் கத்தோலிக்கரின் எண்ணிக்கை குறையும் என்பது. இதைப் படிக்கும்போது நம்மால் சிரிக்க முடிவதில்லை.

இடையில் ஒரு பத்தி வருகிறது. வெளிநாட்டில் குடியிருந்துகொண்டு குத்தகையை மட்டும் வாங்கும் நிலக்கிழார்களுக்கு வரி விதிப்பது, உள்நாட்டுப் பொருள்களையே வாங்குவது, குடியானவர்களிடம் சற்றேனும் இரக்கம் காட்டுவது முதலிய வேறு வழிகளைப் பற்றித் தம்மிடம் யாரும் பேசவேண்டாம் என்கிறார் அந்த நல்லவர். அவை யாவும் ஸ்விஃப்ட் ஆண்டுக்கணக்கில் நேராக எழுதிச் சலித்தவை. பைத்தியக்காரத்தனமான தீர்வு நடைமுறைக்கு ஏற்றது போலவும், அறிவுடைய தீர்வு வீண் கனவு போலவும் அங்கே நிற்கின்றன. நாட்டின் உண்மை நிலையும் அதுவாகத்தானே இருந்தது! முடிவில், இதில் தமக்குத் தன்னலம் ஏதுமில்லை என்று அவர் உறுதி கூறுகிறார். அவருடைய கடைசிப் பிள்ளைக்கு ஒன்பது வயதாகிவிட்டது, மனைவி மகப்பேற்றுப் பருவத்தைக் கடந்துவிட்டார், விற்க ஒன்றுமில்லை.

பங்கு ஒன்றின் ஏழையர் உதவி நிதிக்கு நாம் சில ஆண்டுகள் கணக்கு எழுதியதுண்டு. இருக்கும் தொகையைத் தலைக்கு இவ்வளவு என வகுப்பது அங்கு நம் பணி. அதில் இழிவொன்றுமில்லை, அரிசி அளவோடு இருந்தால் வகுத்துத்தான் ஆகவேண்டும். அந்நாள்களில் இந்நூலை மீண்டும் படித்தபோது நம்மை உறுத்தியது அதன் கொடூரமன்று, அதன் மொழி நடை. கனிவு, கூட்டல், கழித்தல், தன்னலமின்மை, பொதுநன்மை என அந்த மனிதரிடம் இருந்த எல்லாமே எந்த உதவிக் குழுவின் கூட்டத்திலும் நாம் கேட்கக்கூடியவைதாம். ஸ்விஃப்ட் கொடியவன் ஒருவனைப் படைத்து அவனை அடிக்கவில்லை. தம்மைப் போன்ற, தம் வாசகரைப் போன்ற, படித்த பண்பாளர் ஒருவரின் குரலை எடுத்து, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று கடைசிவரை பின்தொடர்ந்து காட்டினார். தாவீதைப் போல நாமும் நீதி வழங்க எழுகிறோம். எழுந்த பின்னர்தான் குரல் பழகியதாக இருப்பது நமக்கு உறைக்கிறது.

'கல்லிவரின் பயணங்கள்' 1726இல் வெளிவந்தது. அது குள்ளர் நாட்டுக் கதையாகச் சுருங்கிச் சிறுவர்க்கான நூலாகிவிட்டது இலக்கிய உலகின் பெரிய வேடிக்கைகளுள் ஒன்று. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்ற பூசலில் 11,000 பேர் உயிர் துறந்த செய்தியைச் சிறுவர்கள் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஐரோப்பாவில் சிந்திய குருதி அது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? மூன்றாம் பாகத்தில், வானில் மிதக்கும் தீவிலிருந்து அரசர் கீழேயுள்ள நகரங்களின் வெயிலையும் மழையையும் மறைத்துத் தண்டிக்கிறார். தீவு இங்கிலாந்து, கீழே இருப்பது அயர்லாந்து. லிண்டலினோ என்னும் நகரம் அத்தீவை எதிர்த்து வென்ற பகுதி மட்டும் 1899 வரை அச்சேறவே இல்லை. அப்பெயரில் 'லின்' இருமுறை வருகிறது. ஆங்கிலத்தில் இருமடங்கைக் குறிக்கும் 'டபுள்' என்ற சொல்லோடு அதைச் சேர்த்தால் டப்ளின் என்று ஒலிக்கும். பதிப்பாளர்களுக்கு அது விளங்காமல் போகவில்லை போலும்.

ஸ்விஃப்டிலிருந்து டிக்கன்ஸிடம் வரும்போது நூறாண்டைக் கடந்து இலண்டனுக்கு வருகிறோம். 1834இல் இங்கிலாந்தில் புதிய ஏழையர் சட்டம் நிறைவேறியது. உதவி வேண்டுவோர் தம் வீட்டில் இருந்தபடி அதைப் பெறலாகாது, ஏழையர் விடுதிக்குள் வரவேண்டும். அங்குள்ள வாழ்வு வெளியே கடைநிலைக் கூலியாளின் வாழ்வைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பன அதன் கொள்கைகள். குழந்தைகளை உண்ணச் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்ட குரல் பழைய குரலே. டிக்கன்ஸ் 1837 முதல் 'ஆலிவர் டுவிஸ்ட்' கதையை மாத இதழ் ஒன்றில் எழுதலானார். தந்தை கடனுக்காகச் சிறைப்பட, பன்னிரண்டு வயதில் காலணி மைப் புட்டிகளுக்குத் தாள் ஒட்டியவர் அவர். அவருடைய சிரிப்பில் அந்த நாள்களின் கசப்பு உண்டு.

அக்கதையில் பம்பிள் என்று ஒருவர் வருகிறார். பங்கின் ஏவலர், பருத்த உடல், மூன்று மூலைத் தொப்பி, கையில் கோல். அனாதைக் குழந்தைகளுக்கு அகரவரிசையில் பெயர் சூட்டுபவர். இவருடைய மேலங்கியின் பித்தளைப் பொத்தான்களைச் சவப்பெட்டி செய்பவர் ஒருவர் பாராட்டுகிறார். பம்பிளுக்குப் பெருமை தாளவில்லை. பொத்தானில் பொறித்திருப்பது பங்கின் முத்திரை. அடிபட்டுக் கிடந்தவனுக்கு மருந்திடும் நல்ல சமாரியரின் உருவம் அது. அங்கியைப் புத்தாண்டு நாளில் குழுவினர் பரிசளித்தார்களாம். அதை அவர் முதன்முதலில் அணிந்துகொண்டு போனது, நொடித்துப்போன வணிகர் ஒருவர் நள்ளிரவில் ஒரு வாயிற்படியில் இறந்துகிடந்தது பற்றிய விசாரணைக்கு.

இவ்வளவுதான். டிக்கன்ஸ் இதற்கு விளக்கமேதும் சேர்க்கவில்லை. செம்பொருள் அங்கதத்தின் ஆசிரியர் பழிகரப்புக்கு இறங்கிவந்த அரிய இடங்களுள் இது ஒன்று. இயேசு சொன்ன உவமையின் நாயகர் பொத்தானாகிப் பளபளக்க, உவமையில் வழியோரம் கிடந்தவன் வாயிற்படியில் செத்துக் கிடக்கிறான்.

'பிளீக் ஹவுஸ்' நாவலில், 1852, 53ஆம் ஆண்டுகளில், டிக்கன்ஸ் இன்னொரு வாயிற்படியைக் காட்டுகிறார். தெருக் கூட்டும் சிறுவன் ஜோ, அயல்நாடுகளில் நற்செய்தி பரப்பும் சங்கத்தின் வாயிலில் அமர்ந்து தன் அழுக்கு ரொட்டியை உண்கிறான். உண்டு முடித்தபின் நன்றியோடு படியைப் பெருக்கியும் விடுகிறான். அது என்ன கட்டடம் என்று அவனுக்குத் தெரியாது. அதே நூலில் திருமதி ஜெல்லிபி என்ற பெண்மணி ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றங்கரை மக்களுக்காக இரவு பகலாக மடல் எழுதுகிறார். அவருடைய பிள்ளைகளோ மாடிப்படியில் உருண்டு விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

இங்கே தமிழராகிய நாம் சற்று நிற்க வேண்டியுள்ளது. ஜோ அமர்ந்த வாயிலுக்குரிய அந்தச் சங்கம் நமக்கு அயலானதன்று. திருநெல்வேலிச் சீமையில் எஸ்.பி.ஜி. என்று வழங்கியது அதுவே. இடையன்குடியில் உழைத்த கால்டுவெல் அதைச் சேர்ந்தவர். சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி.யு. போப்பும் அப்படியே. டிக்கன்ஸ் தம் நூலை முடித்து மூன்றாண்டுகளில், 1856இல், கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. ஜோவைப் பார்க்காத அந்தக் கட்டடத்திலிருந்து புறப்பட்ட பணத்தால், இங்கே பனையேறிகளின் பிள்ளைகள் எழுத்தறிந்தார்கள். டிக்கன்ஸ் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழுமையும் இல்லை. தொலைவிலுள்ளவர்மீது காட்டும் அன்பெல்லாம் போலி என்று அவர் சிரிக்கும்போது, அந்தத் தொலைவில் நின்றவர்களின் வழிவந்த நம்மால் அந்தச் சிரிப்பில் முழுமனத்தோடு கலந்துகொள்ள முடியவில்லை.

வெளியில் நின்று எழுதும் அங்கதத்துக்கு இந்த இடர் எப்போதும் உண்டு. அதை நன்கு உணர்ந்தவர் ஆன்டனி டிரோலப். அஞ்சல் துறையில் அலுவல் பார்த்துக்கொண்டே நாவல் எழுதியவர். அவருடைய 'தி வார்டன்' 1855இல் வெளிவந்தது. பழைய அறக்கட்டளைகளின் வருவாயைக் குருக்கள் துய்ப்பது பற்றி அப்போது இங்கிலாந்தில் வழக்குகளும் செய்தித்தாள் கண்டனங்களும் மலிந்திருந்தன. டிரோலப்பின் கதையும் அதுவே. பார்செஸ்டர் என்ற கற்பனை மறைமாவட்டத்தில், 1434இல் இறந்த கம்பளி வணிகர் ஒருவரின் உயிலால் அமைந்த முதியோர் இல்லம். அதில் பன்னிரண்டு முதியவர்கள். நிலத்தின் மதிப்பு நூற்றாண்டுகளாக ஏறிப்போனதால் காப்பாளருக்கு இப்போது ஆண்டுக்கு 800 பவுன் வருகிறது. முதியவர்களுக்கோ நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ். காப்பாளர் ஹார்டிங் கனிவே உருவான குரு. தம் கையிலிருந்து ஒவ்வொருவருக்கும் 2 பென்ஸ் கூட்டிக் கொடுப்பவர், மாலை வேளைகளில் அவர்களுக்குச் செல்லோ வாசித்துக் காட்டுபவர்.

சீர்திருத்த ஆர்வலர் ஒருவர் வழக்குத் தொடுக்கிறார். செய்தித்தாள் ஹார்டிங்கைப் பேராசைக்காரர் என்று பழிக்கிறது. 'மக்கள் உணர்ச்சியார்' என்று பெயர் கொண்ட புகழ்பெற்ற நாவலாசிரியர் ஒருவர் இதை வைத்தே ஒரு தொடர்கதை எழுதுகிறார். அதில் காப்பாளர் அரக்கன், முதியவர்கள் தேவதூதர்கள். அந்த ஆசிரியர் டிக்கன்ஸ் என்பதை அறியாத வாசகர் அன்று இருந்திருக்க முடியாது.

டிரோலப் இத்தோடு நிறுத்தியிருந்தால், எள்ளியவரை எள்ளிய ஆறுதலோடு நாமும் நூலை மூடியிருப்போம். அவர் நிறுத்தவில்லை. செய்தித்தாள் எழுதியது நியாயமற்றது. ஹார்டிங் பேராசைக்காரர் அல்லர். எனினும், அந்த 800 பவுன் யாருக்குரியது என்ற வினா அவ்வளவு ஆண்டுகளில் அவர் மனத்தில் எழுந்ததே இல்லை. நியாயமற்ற அந்தப் பழிச்சொல் வந்த பிறகுதான் எழுந்தது, எழுந்தபின் அடங்கவில்லை. ஆயரும் தலைமைத் திருத்தொண்டரும் அவரைத் தடுக்கிறார்கள். வழக்கு விலக்கிக்கொள்ளப்பட்டது, சட்டப்படி அவருக்கு இடரில்லை என்று நாட்டின் தலைசிறந்த வழக்கறிஞரே சொல்கிறார். அந்த நாள் முழுவதையும் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்து ஆலயத்தில் தனியே கழித்துவிட்டு வந்த ஹார்டிங், பதவியைத் துறக்கிறார். 75 பவுன் வருவாயுள்ள மிகச் சிறிய ஆலயம் ஒன்று அவருக்குக் கிடைக்கிறது.

முதியவர்கள் ஆளுக்கு 100 பவுன் கிடைக்கும் என்று நம்பி வழக்கு மனுவில் கைந்நாட்டு இட்டவர்கள். அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்துவந்த 2 பென்ஸும் நின்றுபோனது. புதிய காப்பாளரை ஆயர் அமர்த்தவில்லை. சில ஆண்டுகளில் ஆறு பேர் இறந்துபோனார்கள். அந்த ஆறு இடங்களும் நிரப்பப்படவில்லை. தோட்டம் புதர் மண்டியது. செய்தித்தாள் வேறு செய்திகளுக்குப் போய்விட்டது. ஹார்டிங்குக்கு ஒரு வழக்கம் உண்டு. மனம் கலங்கும்போது கையில் இல்லாத செல்லோவைக் காற்றில் வாசிப்பார். யாருக்கும் கேட்காத அந்த இசையை, எஞ்சிய அறுவரைக் காண வரும்போதும் அவர் வாசித்திருப்பார் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம்.